கிழமைக் கணக்கும் ஈவுக் குலமும்: அப்ஸ்ட்ராக்ட் அல்ஜீப்ராவை எப்படிப் படிப்பது?

பி.எஸ்சி. கணிதம் மூன்றாம் ஆண்டு படிக்கும் ஒருவர் கேட்டிருந்தார்: "கால்குலஸ், டிஃபரன்ஷியல் ஈக்வேஷன் எல்லாம் நன்றாகவே வருகிறது. அப்ஸ்ட்ராக்ட் அல்ஜீப்ராவை மட்டும் மனப்பாடம் செய்துதான் ஓட்டுகிறேன். கோசெட் வரை ஏதோ புரிந்தது. கோஷண்ட் குரூப் வந்த பிறகு ஒன்றும் ஓடவில்லை. இதை எப்படிப் படிப்பது? இதை எதற்காகப் படிக்கிறோம்?"

இருபது வருடமாக இந்தத் தாளை எடுத்துவருகிறேன். ஏறக்குறைய எல்லோரும் வந்து நிற்கும் இடம் அதுதான். அதற்கு முன்னால் இருப்பதையெல்லாம் மனப்பாடத்தில் தாண்டிவிடலாம். அங்கே முடியாது. ஒரு கூட்டத்தையே ஒற்றை உறுப்பாக நினைத்துக் கணக்குப் போடு என்று அங்கேதான் முதல்முறையாகச் சொல்கிறார்கள். அதுவரை எண், சார்பு, அணி என்று கைக்கு அகப்படுகிற பொருளோடு பழகியவருக்கு அது இடறத்தான் செய்யும். அதனால் இந்தப் பதிலில் பாதியை அந்த ஓர் இடத்துக்கே செலவிடப் போகிறேன். அது தெளிந்துவிட்டால் பின்னால் வரும் வளையம், ஐடியல், களம் எல்லாம் அதே யோசனையின் மறுபதிப்பு என்பது தெரிந்துவிடும்.

முதலில் சொற்கள். வகுப்பில் குரூப், ரிங், ஃபீல்டு என்கிறோம். தமிழில் குலம், வளையம், களம். முந்தைய பாடத்திட்டத்தில் குலங்கள் பிளஸ் டூ கணிதப் புத்தகத்திலேயே இருந்தன. இப்போதைய 12-ஆம் வகுப்புப் புத்தகம் ஈருறுப்புச் செயலிகளோடு நின்றுவிடுகிறது. ஆகவே குலம் என்ற சொல்லையே முதன்முதலாகக் கல்லூரியில்தான் சந்திக்கிறீர்கள், அதுவும் பெரும்பாலும் ஆங்கிலத்தில். நார்மல், ஐடியல், ரிங் என்ற சொற்களுக்கு அன்றாட ஆங்கிலத்தில் இருக்கும் பொருளைத் தேடாதீர்கள், அது உதவாது. கோஷண்ட் குரூப்பை மட்டும் ஈவுக் குலம் என்று எழுதுகிறேன். ஏன் 'ஈவு' என்பது கொஞ்ச நேரத்தில் விளங்கும்.

இந்தப் பாடம் கடினமாகத் தெரிவதற்குப் பெரிய காரணம், பாடநூல்கள் கதையைத் தலைகீழாகச் சொல்வது. முதல் பக்கத்திலேயே நான்கு விதிகள்: அடைவு (இரண்டு உறுப்புகளைச் சேர்த்தால் அதே கூட்டத்துக்குள் ஒன்று வரும்), சேர்ப்பு (அடைப்புக்குறியை எங்கே போட்டாலும் விடை மாறாது), சமனி (எதையும் மாற்றாத உறுப்பு), எதிர்மறை (செய்ததைத் திருப்பிச் சமனிக்குக் கொண்டுவரும் உறுப்பு). உண்மையில் அந்த விதிகள் கடைசியில்தான் வந்தன. 1770-களின் தொடக்கத்தில் லக்ராஞ்ச், முப்படி, நாற்படிச் சமன்பாடுகளுக்குத் தீர்வு கிடைப்பதும் ஐந்தாம் படிக்குக் கிடைக்காததும் ஏன் என்று யோசித்தபோது, மூலங்களை ஒன்றோடொன்று இடம் மாற்றிப் பார்த்தார். 1799-இல் ருஃபினி, 1824-இல் நார்வேக்காரர் ஏபெல், ஐந்தாம் படிக்குப் பொதுச் சூத்திரம் கிடையாது என்று காட்டினார்கள். எந்தச் சமன்பாட்டுக்குக் கிடைக்கும், எதற்குக் கிடைக்காது என்பதை முழுமையாகச் சொன்னவர் கால்வா. 1832-இல் ஒரு துப்பாக்கிச் சண்டையில் சுடப்பட்டு இறந்தபோது அவருக்கு வயது 20. அவர் எழுதியது அச்சில் வந்தது 1846-இல். உறுப்பு எதுவாக இருந்தாலும் சரி, விதிதான் முக்கியம் என்று கெய்லி குலத்தைப் பொதுவாக வரையறுக்க முயன்றது 1854. நீங்கள் தடுக்கி விழுந்த ஈவுக் குலத்தை ஹோல்டர் தெளிவாக எடுத்து வைத்தது 1889. கால்வா இறந்து 57 வருடம் கழித்து! அதை உங்களுக்கு ஒரு மணி நேர வகுப்பில் சொல்லி முடிக்கிறார்கள். அது ஒரே நாளில் புரியவில்லை என்றால் உங்கள் மூளையில் கோளாறு ஒன்றும் இல்லை.

எனவே நீங்களும் வரலாறு போன வழியில் போங்கள். முதலில் கையில் ஒரு பொருள், பிறகு விதி.

ஒரு அட்டையில் சமபக்க முக்கோணம் வெட்டிக்கொள்ளுங்கள். மூலைகளுக்கு 1, 2, 3 என்று எண் போடுங்கள், பின்பக்கமும் அதே மூலைக்கு அதே எண். ஒரு தாளில் வைத்து வெளிக்கோடு வரையுங்கள். இப்போது முக்கோணத்தை எடுத்து, அந்தக் கோட்டுக்குள் சரியாகப் பொருந்தும்படி எத்தனை விதமாகத் திரும்ப வைக்கலாம்? ஆறு விதம். அப்படியே விடலாம், 120 பாகை சுற்றலாம், 240 பாகை சுற்றலாம், மூன்று அச்சுகளில் ஏதாவது ஒன்றைப் பிடித்துப் புரட்டலாம். இந்த ஆறும்தான் குலத்தின் உறுப்புகள். 'பெருக்கல்' என்றால் ஒன்றைச் செய்து, அதன் மேல் இன்னொன்றைச் செய்வது. ஆறுக்கு ஆறு, 36 கட்டங்கள் கொண்ட பெருக்கல் அட்டவணையை உட்கார்ந்து நீங்களே நிரப்புங்கள். ஒரு மணி நேரம் ஆகும். இதைக் கையால் செய்த மாணவருக்கும் புத்தகத்தில் பார்த்த மாணவருக்கும் உள்ள வித்தியாசம் செமஸ்டர் முழுக்கத் தெரியும்.

அட்டவணை நிரம்பியதும் பாருங்கள். சுற்றிவிட்டுப் புரட்டினால் வருவதும், புரட்டிவிட்டுச் சுற்றினால் வருவதும் வேறு. பரிமாற்றுப் பண்பு இல்லாத ஒன்றை இப்போது கண்ணால் பார்த்துவிட்டீர்கள். இரண்டு புரட்டல்களை அடுத்தடுத்துச் செய்தால் ஒரு சுற்றல் கிடைக்கிறது. உட்குலங்களை, அதாவது உள்ளேயே தனிக் குலமாக நிற்கும் கூட்டங்களை, தேடினால் ஆறு கிடைக்கும்: சமனி மட்டும் உள்ளது ஒன்று, இரண்டு உறுப்புள்ளவை மூன்று, மூன்று சுற்றல்களும் சேர்ந்தது ஒன்று, முழுக் குலம் ஒன்று. நான்கு உறுப்பிலோ ஐந்து உறுப்பிலோ ஒன்றுகூட வராது. உட்குலத்தின் உறுப்பு எண்ணிக்கை குலத்தின் எண்ணிக்கையை மீதியில்லாமல் வகுக்கும் என்பதுதான் லக்ராஞ்ச் தேற்றம். அதைப் படிக்கும் முன்பே அதன் உண்மை உங்கள் மேசையில் இருக்கிறது.

சதுரத்துக்கும் இதைச் செய்யுங்கள். அங்கே எட்டு. வாசலில் போடும் கோலத்தையும் இதே கண்ணால் பார்க்கலாம். நான்கு பக்கமும் ஒன்றுபோல் இருக்கும் சிக்குக் கோலம் சிலவற்றில் கம்பி ஒரே திசையில் முறுக்கிப் போகும். கால் சுற்றுச் சுற்றினால் அதே கோலம், கண்ணாடியில் பார்த்தால் முறுக்கு எதிர்த்திசையில் தெரியும். அதற்குச் சமச்சீர் நான்குதான், சுற்றல்கள் மட்டும். தாமரைக் கோலம் போல் கண்ணாடியிலும் அப்படியே தெரிவது என்றால் எட்டு. எட்டு உறுப்புக் குலத்துக்குள் நான்கு உறுப்பு உட்குலம் உட்கார்ந்திருப்பதைத் தரையிலேயே காணலாம்.

சரி, இப்போது ஈவுக் குலம்.

இன்று செவ்வாய்க்கிழமை. 100 நாள் கழித்து என்ன கிழமை? 100-ஐ 7-ஆல் வகுத்தால் மீதி 2. செவ்வாயிலிருந்து இரண்டு தள்ளி வியாழன். இதைச் சொல்ல யாருக்கும் கல்லூரி வேண்டாம். ஆனால் இந்தக் கணக்கில் என்ன செய்தீர்கள் என்று கவனியுங்கள். 'செவ்வாய்' என்பது ஒரு நாளின் பெயர் அல்ல. போன வாரச் செவ்வாய், அடுத்த வருடச் செவ்வாய், உங்கள் தாத்தா பிறந்த செவ்வாய் என்று முடிவில்லாத நாள்களின் கூட்டத்துக்கு ஒரே பெயர். அந்தக் கூட்டத்தை ஒற்றைப் பொருளாக வைத்துக்கொண்டு அதனோடு இரண்டைக் கூட்டினீர்கள். எந்தச் செவ்வாய் என்று நீங்கள் கேட்கவே இல்லை, கேட்க வேண்டிய அவசியமும் இல்லை. எந்தச் செவ்வாயிலிருந்து இரண்டு நாள் தள்ளினாலும் வியாழன்தான்.

இதுதான் ஈவுக் குலம். முழு எண்கள் ஒரு குலம். 7-இன் மடங்குகள் அதன் உட்குலம். கிழமைகள் ஏழும் ஏழு கோசெட்டுகள், அதாவது அந்த உட்குலத்தை அப்படியே தள்ளி வைத்தால் கிடைக்கும் கூட்டங்கள். கோசெட்டுகளைக் கூட்டினால் கோசெட் கிடைக்கிறது. 7-இன் மடங்குகளால் வகுத்துவிட்டோம், ஏழு வகுப்புகள் மிஞ்சின. அதனால்தான் ஈவு.

இப்போது இதற்கு நேர் எதிரான ஒன்று. "28-ஆம் தேதிக்கு மறுநாள் என்ன தேதி?" பதில் சொல்ல முடியுமா? எந்த மாதத்து 28 என்று கேட்டே ஆக வேண்டும். ஜனவரி என்றால் 29. பிப்ரவரி என்றால் பெரும்பாலும் 1, லீப் வருடமானால் 29. நாள்களைக் கிழமையால் பிரித்தால் 'மறுநாள்' என்ற செயல் பழுதில்லாமல் நடக்கிறது. தேதி எண்ணால் பிரித்தால் அதே செயல் உடைகிறது. வகுப்பில் ஆசிரியர் "வெல் டிஃபைன்டா என்று பார்க்க வேண்டும்" என்று சொல்லும்போது கேட்பது இதைத்தான்: கூட்டத்திலிருந்து யாரைப் பிரதிநிதியாக எடுத்தாலும் விடை ஒரே கூட்டத்தில் விழுகிறதா? இந்தக் கேள்வி புரியாமல்தான் பலர் அந்த நிரூபணத்தை மந்திரம் மாதிரி ஒப்பிக்கிறார்கள்.

நார்மல் உட்குலம் என்ற நிபந்தனை இங்கேதான் பிறக்கிறது. முழு எண்களில் கூட்டல் பரிமாற்றுப் பண்பு உள்ளது, அதனால் எந்த உட்குலத்தால் வகுத்தாலும் கிழமை மாதிரி நன்றாகவே நடக்கும். முக்கோணத்துக்குத் திரும்புங்கள். அங்கே அப்படி இல்லை. முதலில் 'சும்மா இருத்தல், முதல் புரட்டல்' என்ற இரண்டு உறுப்பு உட்குலத்தை எடுங்கள். அதன் இடது கோசெட்டுகள் மூன்று. முதல் கூட்டத்தில் சும்மா இருத்தலும் முதல் புரட்டலும். இரண்டாவதில் ஒரு புரட்டலும் 120 பாகைச் சுற்றலும். மூன்றாவதில் மீதிப் புரட்டலும் 240 பாகைச் சுற்றலும். இரண்டாம் கூட்டத்தை அதனோடேயே பெருக்கிப் பாருங்கள். புரட்டலைப் பிரதிநிதியாக எடுத்து இரண்டு முறை புரட்டினால் பழைய நிலைக்கே வருகிறோம், அது முதல் கூட்டம். 120 பாகைச் சுற்றலை எடுத்து இரண்டு முறை சுற்றினால் 240, அது மூன்றாம் கூட்டம். ஒரே கூட்டத்தின் வர்க்கத்துக்கு இரண்டு விடை. தேதிக் கணக்கு மாதிரி உடைந்துவிட்டது. இந்த உட்குலம் நார்மல் அல்ல.

இப்போது மூன்று சுற்றல்களின் உட்குலத்தை எடுங்கள். கூட்டங்கள் இரண்டே: சுற்றல்கள் ஒரு பக்கம், புரட்டல்கள் ஒரு பக்கம். சுற்றலும் சுற்றலும் சேர்ந்தால் சுற்றல். சுற்றலும் புரட்டலும் புரட்டல். புரட்டலும் புரட்டலும் சுற்றல். யாரை எடுத்தாலும் இதுதான். இரட்டைப்படை, ஒற்றைப்படை எண்களைக் கூட்டும் கணக்கே மறுபடி வந்துவிட்டது. ஆறு உறுப்புள்ள, பரிமாற்றுப் பண்பு இல்லாத ஒரு குலத்தை மூன்றால் வகுத்து, இரண்டு உறுப்புள்ள எளிய குலம் ஒன்றைப் பெற்றோம்.

நார்மல் என்பதற்குப் புத்தகத்தில் நான்கைந்து சமமான வரையறைகள் இருக்கும். இடது கோசெட்டும் வலது கோசெட்டும் ஒன்று என்பது ஒன்று. ஓர் உறுப்பையும் அதன் எதிர்மறையையும் இரு பக்கமும் வைத்துப் பெருக்கினாலும் உட்குலத்துக்குள்ளேயே நிற்கும் என்பது இன்னொன்று. இவை எல்லாம் 'கோசெட் பெருக்கல் உடையாமல் இருக்க என்ன வேண்டும்?' என்ற ஒரே கேள்விக்கான பதில்கள். மேலே சொன்ன இரண்டு கணக்கையும் ஒரு தாளில் போட்டுவிட்டு அந்த வரையறைகளை மறுபடி படியுங்கள்.

ஹோமோமார்பிசத்தைப் பற்றி அதிகம் சொல்லப் போவதில்லை. பிளஸ் ஒன் இயற்பியலில் லாகரிதம் அட்டவணை புரட்டியிருப்பீர்கள். பெருக்கலைக் கூட்டலாக மாற்றும் வித்தை அது. இரண்டு அணிகளைப் பெருக்கிவிட்டு அணிக்கோவை கண்டாலும், தனித்தனியே கண்டு பெருக்கினாலும் ஒன்றே. இவை ஹோமோமார்பிசங்கள்: செயலைக் குலைக்காமல் ஒரு குலத்திலிருந்து இன்னொன்றுக்குக் கொண்டுபோகும் சார்புகள். சமனிக்குப் போய் விழும் உறுப்புகளின் கூட்டம் கெர்னல். கெர்னல் எப்போதும் நார்மல். எந்த நார்மல் உட்குலமும் ஏதோ ஒரு ஹோமோமார்பிசத்தின் கெர்னல். முதல் ஐசோமார்பிசத் தேற்றம் சொல்வது, கெர்னலால் வகுத்தால் பிம்பம், அதாவது சார்பு போய்ச் சேரும் உறுப்புகளின் கூட்டம், கிடைக்கும் என்பதை. முழு எண்ணிலிருந்து கிழமைக்குப் போகும் சார்பை மனதில் வைத்துக்கொண்டு அந்தத் தேற்றத்தை வரி வரியாகப் படித்தால் போதும்.

கூட்டல், பெருக்கல் இரண்டும் உள்ள அமைப்புகளான வளையங்களுக்கு வந்தால் கதை திரும்ப நடக்கிறது. குலத்தில் நார்மல் உட்குலம் பார்த்த வேலையை இங்கே ஐடியல் பார்க்கிறது. பெயர் எங்கிருந்து வந்தது? சில எண் அமைப்புகளில் பகாக் காரணிப் பிரிப்பு ஒரே விதமாக அமைவதில்லை. முழு எண்களோடு −5-இன் வர்க்கமூலத்தையும் சேர்த்துக்கொண்டால், 6-ஐ 2 × 3 என்றும் எழுதலாம், (1 + √−5) × (1 − √−5) என்றும் எழுதலாம். இந்த நான்கும் அந்த அமைப்பில் மேற்கொண்டு உடையாதவை. இந்தச் சிக்கலைத் தீர்க்கக் கும்மர் 1840-களில் 'ஐடியல் எண்கள்' என்று ஒன்றைக் கற்பித்தார். டெடெகிண்ட் 1871-இல் அதை எண்ணாக அல்லாமல் எண்களின் கூட்டமாக எடுத்து ஐடியல் என்றார். மறுபடியும் கூட்டத்தை ஒற்றைப் பொருளாக நினைக்கும் அதே அடி. வளையத்துக்குப் பொதுவான வரையறை ஃபிரேங்கல் 1914-இல் தந்தது. 1921-இல் எம்மி நோதர் எழுதிய கட்டுரைதான் ஐடியல்களை எல்லா இடத்துக்கும் பொருந்தும் கோட்பாடாக்கியது. நாம் இன்று வகுப்பறையில் படிக்கும் பாணி பெருமளவு அவருடையது. யூதர் என்பதால் 1933-இல் கோட்டிங்கன் பல்கலைக்கழகத்தை விட்டு அவரை வெளியேற்றினார்கள். அமெரிக்கா போய் இரண்டு வருடத்தில் இறந்துபோனார்.

ஐடியலால் வகுப்பதில் எனக்கு மிகவும் பிடித்த எடுத்துக்காட்டு கலப்பெண்கள். க என்ற மாறியில் மெய்யெண் கெழுக்கள் கொண்ட பல்லுறுப்புக் கோவைகளை எடுத்து, க² + 1-இன் மடங்குகளையெல்லாம் பூச்சியம் என்று வைத்துக்கொள்ளுங்கள். அதாவது அந்த ஐடியலால் வகுங்கள். அப்போது க² என்பது −1 ஆகிறது. பள்ளியில் "கற்பனை எண் என்று ஒன்று உண்டு, நம்பிக்கொள்" என்று சொன்னார்களே, அதை இப்போது நம்ப வேண்டியதில்லை, கட்டியே காட்டலாம். இதை முதன்முதலில் பார்த்த அன்று எனக்குத் தூக்கம் வரவில்லை.

"எதற்காக" என்றும் கேட்டீர்கள். டீக்கடையில் ஒட்டியிருக்கும் க்யூஆர் கோடைப் பாருங்கள். எண்ணெய் பட்டு, ஓரம் கிழிந்து, பாதி மங்கியிருந்தாலும் போன் அதைப் படித்துவிடுகிறது. அதில் இருப்பது 1960-இல் ரீடும் சாலமனும் தந்த பிழை திருத்தும் குறியீடு. அதன் கணக்கு முழுவதும் 256 உறுப்புகள் உள்ள ஒரு களத்தில், அதாவது பூச்சியம் தவிர எதனாலும் வகுக்கக்கூடிய வளையத்தில், நடக்கிறது. 256-ஆல் வகுத்து மீதி பார்க்கும் சாதாரணக் கணக்கு அங்கே உதவாது. 16 × 16 பூச்சியமாகிவிடும், 16-ஆல் வகுக்க முடியாது. அதனால் 0, 1 மட்டுமே கெழுக்களாக உள்ள பல்லுறுப்புக் கோவைகளை எடுத்து, மேற்கொண்டு காரணிப்படாத ஓர் எட்டாம் படிக் கோவையால் வகுக்கிறார்கள். கலப்பெண்ணைக் கட்டிய அதே வழி. மிஞ்சுவது 2-இன் எட்டாவது அடுக்கு, 256 உறுப்புகள். பூச்சியம் தவிர எல்லாவற்றுக்கும் எதிர்மறை உண்டு. அதிகபட்சத் திருத்த அளவில் அச்சிட்ட க்யூஆர் கோடில் சுமார் 30 சதவீதம் சேதமானாலும் செய்தி மீளும்.

இன்னொன்று உங்கள் சட்டைப்பையிலேயே இருக்கிறது. ஆதார் எண்ணின் 12-ஆவது இலக்கம் ஒரு சோதனை இலக்கம். கைதவறி ஓர் இலக்கத்தைத் தப்பாக அடித்தாலோ, அருகருகே உள்ள இரண்டை இடம் மாற்றி அடித்தாலோ கண்டுபிடிக்க வேண்டும். சாதாரணக் கூட்டலை நம்பினால் 12-ம் 21-ம் ஒன்றாகிவிடும். கடைச் சாமானின் 13 இலக்கப் பார்கோடில் இலக்கங்களை 1, 3 என்ற எடைகளால் மாறி மாறிப் பெருக்கிக் கூட்டுகிறார்கள். அதிலும் 2-ம் 7-ம் பக்கத்தில் பக்கத்தில் இருந்து இடம் மாறினால் தெரியாது. எடைகளின் வித்தியாசம் 2, இலக்கங்களின் வித்தியாசம் 5, பெருக்கினால் 10. பத்தால் வகுத்த உலகில் அது பூச்சியம். எடைகளை மாற்றிப் பார்த்தாலும் தப்ப முடியாது. ஓர் இலக்கப் பிழை பிடிபட வேண்டுமானால் எடைகள் ஒற்றைப்படையாகத்தான் இருக்க முடியும், ஒற்றைப்படைகளின் வித்தியாசம் எப்போதும் இரட்டைப்படை. 1969-இல் வெர்ஹூஃப் என்ற டச்சுக் கணிதர் வேறு வழி பார்த்தார். பத்து இலக்கங்களையும் ஐங்கோணத்தின் பத்துச் சமச்சீர்களாக எடுத்துக்கொண்டார். 0 முதல் 4 வரை சுற்றல்கள், 5 முதல் 9 வரை புரட்டல்கள். அந்தக் குலத்தில் வரிசை மாறினால் விடை மாறலாம். சுற்றல்கள் தங்களுக்குள் பரிமாறிக்கொள்ளும் என்பதால், இடத்துக்கு இடம் இலக்கங்களைக் குலைத்துவிடும் ஒரு வரிசைமாற்றத்தையும் சேர்த்தார். ஓர் இலக்கப் பிழையும் அடுத்தடுத்த இலக்க இடமாற்றமும் ஒன்று விடாமல் பிடிபடும். ஆதார் பயன்படுத்துவது இந்த முறையைத்தான். பரிமாற்றுப் பண்பு இல்லாமை ஒரு குறை என்று நினைத்திருப்பீர்கள். இங்கே அதுதான் வேலையே செய்கிறது.

இனி நிரூபணம் எழுதுவது. மனப்பாடத்தில் பழகியவர்களுக்கு இங்கே இரண்டு தவறு திரும்பத் திரும்ப வரும். ஒன்று, பரிமாற்றுப் பண்பு இல்லாத குலத்தில் கை தானாக வரிசையை மாற்றி எழுதிவிடும். இன்னொன்று, நிரூபிக்க வேண்டியதையே முதல் வரியாக எழுதி, அதிலிருந்து 0 = 0 வரை வந்து "நிரூபிக்கப்பட்டது" என்று போடுவது. இரண்டுக்கும் ஒரு சின்னப் பயிற்சி தருகிறேன். ஒரு குலத்தில் ஒவ்வோர் உறுப்பையும் அதனோடேயே பெருக்கினால் சமனி வருகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். அது பரிமாற்றுக் குலம் என்று காட்ட வேண்டும். அ, ஆ ஏதேனும் இரு உறுப்புகள், ச என்பது சமனி. அஆ என்பதும் ஓர் உறுப்புதான், ஆகவே அஆ × அஆ = ச. சமன்பாட்டின் இரு பக்கத்தையும் முன்னால் அ-வாலும் பின்னால் ஆ-வாலும் பெருக்குங்கள். இடப்பக்கத்தில் அஅ ச ஆகிவிடும், கடைசியில் ஆஆ ச ஆகிவிடும், நடுவில் மிஞ்சுவது ஆஅ. வலப்பக்கத்தில் அஆ. ஆகவே ஆஅ = அஆ. ஒவ்வோர் அடியிலும் எந்த விதியைப் பயன்படுத்தினோம் என்று பக்கத்தில் எழுதுங்கள். சேர்ப்புப் பண்பு எத்தனை முறை வந்தது என்று எண்ணுங்கள். இப்படிப் பத்து சின்ன நிரூபணங்களை நீங்களாக எழுதினால், சிலோவ் தேற்றத்தின் இரண்டு பக்க நிரூபணத்தை ஒப்பிப்பதைவிட அதிகம் கற்றிருப்பீர்கள்.

தேற்றம் படிக்கும்போது ஒரு பழக்கம் வேண்டும். அதிலுள்ள நிபந்தனை ஒன்றை எடுத்துவிட்டு, எங்கே உடைகிறது என்று தேடுங்கள். இரண்டு உட்குலங்களின் வெட்டு உட்குலம். சேர்ப்பும் உட்குலமா? 2-இன் மடங்குகளையும் 3-இன் மடங்குகளையும் சேருங்கள்: 2 இருக்கிறது, 3 இருக்கிறது, 5 இல்லை. லக்ராஞ்ச் தேற்றத்தின் மறுதலை உண்மையா? நான்கு பொருள்களின் இரட்டை வரிசைமாற்றங்கள் 12. அந்தக் குலத்துக்கு ஆறு உறுப்புள்ள உட்குலம் கிடையாது. இப்படி உடைக்க உதவும் பத்துப் பன்னிரண்டு குலங்களையும் வளையங்களையும் ஒரு நோட்டில் வைத்துக்கொள்ளுங்கள். ஒவ்வொரு புது வரையறையையும் அவை எல்லாவற்றிலும் போட்டுப் பாருங்கள்.

பரீட்சையைப் பற்றியும் நேராகச் சொல்லிவிட வேண்டும். செமஸ்டர் தேர்வில் "லக்ராஞ்ச் தேற்றத்தைக் கூறி நிறுவுக" என்றுதான் பெரும்பாலும் வரும், மனப்பாடம் செய்தவருக்கும் மதிப்பெண் கிடைக்கும். எம்.எஸ்சி.க்கான ஜாம், பிறகு நெட், செட், ஆசிரியர் வேலைக்கான டிஆர்பி ஆகியவற்றில் அது நடக்காது. அங்கே ஒரு குறிப்பிட்ட குலத்தைக் கொடுத்து, குறிப்பிட்ட வரிசையுள்ள (அத்தனை முறை தன்னோடு பெருக்கினால்தான் முதன்முதலாகச் சமனியாகும்) உறுப்புகள் எத்தனை, ஹோமோமார்பிசங்கள் எத்தனை என்று கேட்பார்கள். நோட்டில் எடுத்துக்காட்டுகளைச் சேர்த்தவர் நிமிடத்தில் முடிப்பார். பாடத்திட்டத்துக்கும் கணிதத்துக்கும் உள்ள இந்த இடைவெளி பழையது. பாரிஸில் எலி கார்டானிடம் ஆய்வு செய்துவிட்டு 1930-களில் இங்கே வந்த ரசீன் பாதிரியார், சென்னை லயோலா கல்லூரியில் பாடத்திட்டத்துக்கு வெளியே இருந்த நவீன கணிதத்தின் பக்கம் மாணவர்களைத் திருப்பினார். அவரிடம் படித்தவர்கள்தான் எம்.எஸ். நரசிம்மனும் சி.எஸ். சேஷாத்ரியும். 1965-இல் அவர்கள் இருவரும் சேர்ந்து நிறுவிய தேற்றம் உலகம் முழுக்க அவர்கள் பெயரிலேயே வழங்குகிறது.

நேரத்தைப் பொறுத்தவரை, வாரத்துக்கு ஒருநாள் ஆறு மணி நேரம் உட்காருவதைவிடத் தினமும் முக்கால் மணி நேரம் நல்லது. ஒரு வரையறை மனதில் ஊற இரவுகள் வேண்டும். முடிந்தால் ஒரு நண்பரோடு படியுங்கள். அவருக்குத் தமிழில் விளக்கிச் சொல்லுங்கள். சொல்லும்போது எங்கே திக்குகிறதோ, அங்கே புரியவில்லை என்று பொருள்.

இந்த வாரம் செய்ய ஒரு வேலை: அட்டையில் சதுரம் வெட்டி, எட்டு உறுப்புக் குலத்தின் உட்குலங்கள் எல்லாவற்றையும் கண்டுபிடியுங்கள். பத்து வர வேண்டும். அவற்றில் ஆறு நார்மல். மீதி நான்கும் தலா இரண்டு உறுப்புள்ளவை, தலா ஒரு புரட்டல் கொண்டவை. அந்த நான்கில் ஒவ்வொன்றுக்கும், கோசெட் பெருக்கல் எந்த இரண்டு பிரதிநிதிகளிடம் உடைகிறது என்று எழுதிக் காட்டுங்கள். அது முடிந்ததும், 180 பாகைச் சுற்றலும் சமனியும் சேர்ந்த உட்குலத்தால் வகுத்து, மிஞ்சும் நான்கு உறுப்புக் குலத்துக்கு அட்டவணை போடுங்கள். அதில் ஒவ்வோர் உறுப்பும் தன்னோடு தானே பெருக்கினால் சமனியாகும். மேலே நிறுவிய அ, ஆ கணக்கு அங்கே அப்படியே பொருந்துகிறதா என்று பாருங்கள்.